கிளிஞ்சல் கோட்டை

பழைய சுவர் எங்கே கண்ணில் பட்டாலும் சித்தப்பா அதன் பக்கத்தில் போய் நிற்பார். கல்யாணத்துக்குப் போன ஊராக இருந்தாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போன வீடாக இருந்தாலும் சரி. உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். கட்டைவிரல் நகத்தால் காரையைச் சுரண்டுவார். விரல் நுனியில் ஒட்டிய தூளை நாக்கில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். 40 வருடம் கொத்து வேலை பார்த்தவர்; அதில் பாதிக் காலம் மேஸ்திரி. முழங்கால் வலி வந்து சாரம் ஏறுவதை விட்ட பிறகும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவரை ஆலம்பரைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். புதுச்சேரி பஸ்ஸில் கடப்பாக்கத்தைப் பல தடவை கடந்திருக்கிறார். "உள்ள ஒரு கோட்டை இருக்குன்னு சொல்லுவாங்கடா. எறங்கத்தான் நேரம் வாய்க்கல" என்றார். எனக்கு அது மூன்றாவது பயணம். முதல் இரண்டு முறையும் கடலைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், சுவர் நிழலில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சுவரைப் பார்க்கவில்லை என்பது சித்தப்பாவோடு போன பிறகுதான் தெரிந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் அவரை ஏற்றிக்கொண்டு, கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். மாமல்லபுரம் தாண்டும்போது கிழக்கு வெளுத்திருந்தது. கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், நிற்கவில்லை. பாலாற்றுப் பாலத்தில் கண்ணுக்கு எட்டியவரை மணல். அதற்கு அப்பால் சவுக்குத் தோப்பு, தென்னந்தோப்பு, சாலையோரத்தில் குவியல் குவியலாகத் தர்பூசணி. சென்னையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் கடப்பாக்கம். கடையில் இரண்டு இட்லி, ஒரு டீ. பிறகு கிழக்கே திரும்பும் சின்னச் சாலை.

இந்தப் பகுதியின் பெயரைச் சொல்லாமல் கோட்டைக்குப் போகக் கூடாது. இதற்கு இடைக்கழிநாடு என்று பெயர். பேரூராட்சியின் பெயரும் இன்றைக்கு அதுதான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி, இடையில் நீளவாக்கில் கிடக்கும் மணல் நாடு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவரை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்றே ஏடுகள் குறிக்கின்றன. பேரரசுகளின் தலைநகரங்கள் பல பெயர் மாறி அடையாளம் தெரியாமல் போயிருக்கின்றன. இந்த மணல் திட்டு தன் பெயரை மாற்றிக்கொள்ளவேயில்லை. பெயர்ப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் ஒரு சிலிர்ப்பு வரும். இந்த முறையும் வந்தது.

அந்தப் பாட்டில், பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியை இன்னொரு பாணனுக்குச் சொல்கிறான். முதலில் வருவது எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர். இங்கிருந்து தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள இன்றைய மரக்காணம்தான் அது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அங்கே பெண்கள் வடித்த தேறலைப் பரதவர் வந்தவர்களுக்குக் கொடுப்பார்களாம்; சுட்ட குழல் மீனும் கிடைக்குமாம். அவர்கள் அடுப்பெரிப்பது அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகளை. அந்தக் கட்டைகள் கரையில் கிடப்பதைப் புலவர் ஒட்டகங்கள் படுத்து உறங்குவதோடு ஒப்பிடுகிறார். நெய்தல் நிலத்துக் கடற்கரையில் ஒட்டகம் எப்படி வந்தது என்று கல்லூரிக் காலத்தில் வியந்திருக்கிறேன். இந்தப் பயணத்தில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோட்டை முதல் பார்வைக்குச் சிறியது. செஞ்சியையோ வேலூரையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். மலை இல்லை, அகழி என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை, பீரங்கி இல்லை. மணலும் பனையும் முள்ளும், அவற்றுக்கு நடுவே செங்கல் மதில் அங்கங்கே எழுந்து அங்கங்கே விழுந்து கிடக்கிறது. சில இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, சில இடத்தில் மணலோடு மணலாகிவிட்டது. மூலையில் வட்டமான கொத்தளத்தின் மிச்சம். கிழக்கே போனால் சுவர் சட்டென்று முடிந்து, கீழே கழியின் தண்ணீர். அதற்கு அப்பால் வெள்ளை மணல் திட்டு. அதற்கும் அப்பால்தான் கடல். கடல் கண்ணில் படுவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடுகிறது. காலை நேரத்துக் கொண்டல் காற்று முகத்தில் உப்பை அப்பிக்கொண்டிருந்தது.

தொல்லியல் துறையின் பலகை, 1736க்கும் 1740க்கும் இடையில் கட்டப்பட்ட கோட்டை என்கிறது. ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலம் அது. ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் இங்கிருந்து கப்பலேறின. சித்தப்பா பலகையைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "சண்டைக்குக் கட்டுன கோட்டை இல்ல போல. சரக்குக்குக் கட்டுனது" என்றார். சுவரின் கனத்தைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் கோட்டை எனக்கு வேறு இடமாக மாறிவிட்டது.

சோழமண்டலக் கடற்கரை முழுக்க அந்தக் காலத்தில் இருந்த பெரிய குறை, இயற்கைத் துறைமுகம் இல்லாதது. கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்த சலங்குகள் அலையைக் கடந்து போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். சென்னையிலும் புதுச்சேரியிலும் திறந்த கரையில்தான் இந்தப் பாடு. இங்கே கழி இருக்கிறது. முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் குளம்போல் அமைதியான தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி, மேட்டில் ஒரு மதில். இதைவிட நல்ல இடத்தை ஒரு வியாபாரி தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இங்கே ஒரு தங்கசாலையும் இருந்தது. இதை ஏதோ உபரித் தகவல் என்று கடந்துவிடுகிறார்கள், எனக்கோ கோட்டையின் உயிர் அதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஐரோப்பியக் கப்பல்கள் இங்கே துணி வாங்க வந்தன. விலையாகக் கொடுக்க அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் வெள்ளி. ஆனால் காஞ்சிபுரத்துப் பக்கம் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கு வெள்ளிக் கட்டி எதற்கு? அவருக்கு வேண்டியது சந்தையில் செல்லும் ரூபாய், வராகன், பணம். ஆகவே வெள்ளி முதலில் நவாபின் தங்கசாலைக்குப் போக வேண்டும், அங்கே கூலி கொடுத்து நாணயமாக வேண்டும். கடலோரத்தில் ஒரு தங்கசாலை என்றால் அது பொன் காய்ச்சி மரம். இதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் சொந்தமாக நாணயம் அடிக்கும் உரிமைக்கு அவ்வளவு அலைந்தார்கள். புதுச்சேரி ஆளுநர் துய்மா 1736இல் தோஸ்த் அலியிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றார்.

அதே 1736இல்தான் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். கப்பல் வந்தது, வெள்ளி இறங்கியது, துணி மூட்டை போனது, மழை பெய்தது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று கால் நூற்றாண்டுக் காலம் எழுதினார். ஆனந்தப்புரவி என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தவர். அவருடைய தமிழைப் படித்துவிட்டு இங்கே வந்து நின்றால் இந்தச் சுவர்களுக்குள் பேச்சு கேட்கும். தராசுத் தட்டின் ஓசை, எண்ணிக்கை சொல்லும் குரல், சுமைகூலிக்காரர்களின் வாக்குவாதம். கோட்டை என்றதும் வாளும் குதிரையும் நினைவுக்கு வருவது சினிமா பழக்கிய பழக்கம். இங்கே ஓயாமல் நடந்தது கணக்கு.

கை மாறிய வேகத்தைச் சொன்னால் தலை சுற்றும். தோஸ்த் அலி 1740இல் மராட்டியரோடு தாமல்செருவுக் கணவாயில் நடந்த போரில் இறந்தார். தக்காணத்துச் சுபேதார் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங், தனக்குத் துணை நின்ற புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கு 1750இல் இந்தக் கோட்டையைக் கொடுத்தார். அடுத்த ஆண்டே முசாபர் ஜங் கொல்லப்பட்டார். துய்ப்ளே 1754இல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டு, பிறகு கடனிலும் வழக்கிலும் கிடந்து 1763இல் இறந்தார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையைத் தோற்கடித்தது. அதன் பிறகு பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அதே ஆண்டில் ஆலம்பரையையும் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரியும் போனது. லாலிக்கு 1766இல் பாரிசில் தலை போனது.

பலகை சொல்லும் கணக்குப்படி பார்த்தால் இது கோட்டையாக இருந்தது சுமார் 20 வருடம். இடிந்த கோட்டையாக இருப்பது 260 வருடத்துக்கு மேல்.

இதையெல்லாம் நான் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் கேட்டுக்கொண்டுதான் வந்தார். வடக்குப் பக்கம் ஒரு சுவர் அருகே வந்ததும் நின்றுவிட்டார். "இங்க வாடா. இதப் பாரு" என்றார்.

பார்த்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை. தேன்கூட்டை நிமிர்த்தி வைத்தது போலிருந்தது. சுவர் முகம் முழுக்கச் சின்னச் சின்ன நீள்சதுரக் குழிகள். ஒவ்வொரு குழியையும் சுற்றி வெளுத்த விளிம்பு. குழிக்குள் விரலைவிட்டால் ஆழத்தில் சிவப்பாகப் பொடி ஒட்டியது.

"குழி இருக்குல்ல, அதெல்லாம் செங்கல் இருந்த எடம். சுத்தி நிக்குது பாரு, அது காரை. கல்லு போயிடுச்சு, காரை நிக்குது."

உண்மைதான். ஒவ்வொரு குழியும் ஒரு செங்கல்லின் அளவு. இன்றைய செங்கல்லைவிட மெலிந்த, பட்டையான கல். நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என்று மாறி மாறி வைத்த வரிசை அப்படியே தெரிந்தது. கல்லைக் காணோம், கல்லை ஒட்டவைக்கப் பூசிய சாந்து மட்டும், கல் இருந்த இடத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறது.

"ஒட்டவைக்கறதுதானே சித்தப்பா மொதல்ல போகணும்?"

"சிமெண்டு காலத்து ஆளு நீ. இது வேற."

மணலில் காலை நீட்டி உட்கார்ந்து அவர் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கடற்கரையில் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறும். வெயிலும் காற்றும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உப்பு மட்டும் உள்ளேயே தங்கிப் பூக்கும். பூக்கிற உப்புக்கு இடம் வேண்டும். செங்கல்லின் நுண்ணிய துளைகளை அது உள்ளிருந்து நெட்டித் தள்ளும். ஒவ்வொரு நாளும் அரிசி மாவளவு உதிரும். அப்படியே 200 வருடம். சரியாக வேகாத கல் முதலில் போகும், நன்றாக வெந்த கல் கொஞ்சம் தாங்கும். ஒரே சுவரில் சில கல் பளிச்சென்று இருப்பதும் பக்கத்துக் கல் கிண்ணம்போல் குழிந்திருப்பதும் அதனால்தான்.

"அப்ப காரை?"

பதில் சொல்லவில்லை. குனிந்து, சுவரடியில் ஏற்கெனவே உதிர்ந்து கிடந்த காரைக் கட்டி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவு இருக்கும். வெளுத்த சாம்பல் நிறம். மணல் பொடி, நடுநடுவே செங்கல் தூளின் சிவப்புப் புள்ளி. திருப்பிப் பார்த்தபோது ஓரத்தில் ஒரு கிளிஞ்சல், கட்டைவிரல் நகத்தில் பாதி. வரி வரியாக அதன் விசிறி அமைப்பு கொஞ்சமும் அழியாமல் இருந்தது. சூளையில் சரியாக வேகாமல் தப்பிய கிளிஞ்சல். அரைபடாமலும் தப்பி, 18ஆம் நூற்றாண்டுச் சுவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நகத்தால் தட்டினேன். கெட்டியான, மெல்லிய ஒரு சத்தம்.

கல்மலை இல்லாத இந்தக் கரையில் சுண்ணாம்பு கிளிஞ்சலிலிருந்துதான் வந்தது. கழியில் அள்ளிய கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுச் சூளையில் சுடுவார்கள். வெந்த கிளிஞ்சல்மேல் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு பூத்து மாவாகும். அதை ஊறப்போட்டு, மணலும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் சேர்த்து, மாடு கட்டிய காரைச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் பனைவெல்லமும் சேரும். "வெண்ணெயாட்டம் வரணும். கரண்டியில எடுத்துக் கவுத்தா விழக்கூடாது. எங்கப்பாரு காலத்துல அதுதான் பதம்" என்றார். அவர் வேலைக்கு வந்தபோது சிமெண்ட் வந்துவிட்டது. காரைச் செக்கை அவர் சிறுவனாக இருந்தபோது பார்த்ததோடு சரி. ஆனாலும் அந்தப் பதத்தைச் சொல்லும்போது அவருடைய வலக்கை, இல்லாத கரண்டியைக் கவிழ்த்துக் காட்டியது.

பள்ளி வேதியியல் புத்தகத்தில் படித்த ஒன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் வேகும்போது கரியமில வாயு அதைவிட்டு ஓடிவிடுகிறது. சுவரில் பூசிய பிறகு சுண்ணாம்பு மெல்ல மெல்லக் காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது, சுவருக்குள் போய் அது திரும்பவும் கிளிஞ்சலாகிவிடுகிறது. நிலத்து மண்ணில் செய்த செங்கல் உப்பில் கரைந்து போக, கழியிலிருந்து வந்தது நிற்கிறது. எதைக் கட்டிடம் என்று நினைத்தோமோ அது போய்விட்டது. அதற்கு இடையே கிடந்ததுதான் இன்று கோட்டை.

சித்தப்பாவுக்குக் கோபமும் வந்தது. ஒரு கடற்கரை ஊரில் பழைய சுண்ணாம்புக் கட்டிடம் ஒன்றுக்குச் சிமெண்ட் பூசியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். சிமெண்ட் மூச்சு விடாது. உள்ளே வந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் கல்லையே தின்னும். ஐந்தாறு வருடத்தில் பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது, 200 வருடம் நின்ற கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். "பழசத் தொடணும்னா பழசாலதான் தொடணும்" என்றார். இடிந்த கட்டிடங்களைக் காப்பாற்ற நினைக்கும் எல்லோரும் கேட்க வேண்டிய சொல் அது. ஆலம்பரையைத் தொடும் கை யாருடையதாக இருந்தாலும், முதலில் ஒரு கிளிஞ்சல் சூளையைத் தேடிப் போகட்டும் என்று நானும் மனமார விரும்புகிறேன்.

கட்டியை வாங்கி எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைத்தார்.

பத்து மணிக்கு மேல் படகுக்காரர் ஒருவர் கரையில் வந்து நின்றார். ஃபைபர் படகு. "வாங்க சார், முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வரலாம். ஐயா, கையக் குடுங்க, மெதுவா" என்று சித்தப்பாவைத் தூக்கிவிடாத குறையாக ஏற்றினார். கழியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. மடவை மீன்கள் துள்ளித் துள்ளி விழுந்தன. தெற்கே இந்தக் கழி, கழுவெளி ஏரியின் நீர் கடலுக்கு வரும் வழியோடு சேர்கிறது. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒன்று அது; 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தூரத்துத் திட்டில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து ஒரு கோடு தெரிந்தது. "பூநாரை சார். கிட்டப் போனா எழுந்துடும். இங்கயே நின்னு பாத்துக்குங்க" என்று இன்ஜினை அணைத்தார். எழவில்லை. நாங்களும் பேசவில்லை.

திரும்பும்போது கோட்டையைத் தண்ணீரிலிருந்து பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டில் சலங்கில் வந்தவர்கள் பார்த்த பக்கம் இதுதான். இங்கிருந்து பார்த்தால்தான் அதற்கு முகம் இருக்கிறது. சுவருக்குக் கீழே, கழியின் ஓரத்தில், பெரிய பெரிய கட்டுமானத் துண்டுகள் விழுந்து கிடந்தன. கல் கல்லாக உதிராமல் பாளமாகப் பெயர்ந்து விழுந்தவை. பாதி தண்ணீரில், பாதி மணலில். அலை தேய்த்துத் தேய்த்து மூலைகள் உருண்டுவிட்டன. முதுகு மேடாகவும் கழுத்துப் பக்கம் தாழ்ந்தும், வெயிலில் பழுப்பு நிறத்தில்…

ஒட்டகங்கள். காலை மடித்துப் படுத்து உறங்கும் ஒட்டகங்கள்.

இடைக்கழிநாட்டுப் புலவர் கண்டது மரக்கட்டைகளை. நான் பார்த்தது செங்கல்லும் காரையும். ஆனால் கடல் எதைக் கையில் எடுத்தாலும் கடைசியில் அதற்கு இந்த வடிவத்தைத்தான் கொடுக்கிறது போலும். கல்லூரியில் விரிவுரையாளர் இரண்டு வகுப்பில் விளக்கியும் ஒட்டாத உவமை, படகில் உட்கார்ந்த அரை நிமிடத்தில் ஒட்டிக்கொண்டது.

"சுனாமிக்கு முன்னாடி அந்தச் சுவரு இன்னும் நீட்டா இருந்துச்சு சார்" என்றார் படகுக்காரர். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் எதையும் விட்டுவைக்கவில்லை. கோட்டையும் அன்று ஒரு பகுதியை இழந்தது. அவர் அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கரையை நெருங்கும்போது படகை ஒரு வளைவு வளைத்தார். அங்கே தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அடியில கோட்டைக் கட்டி கெடக்கு. தெரியாதவங்க வந்தா ஃபேன் அடிபட்டுடும்" என்றார். பேசும்போது அவர் முகம் எங்கள் பக்கம் இருந்தது. கை மட்டும் திருப்பியது.

மதியம் கடப்பாக்கத்தில் சோறும் மடவை மீன் குழம்பும். கழி மீனுக்கு ஒரு சேற்று வாசனை உண்டு. புளி கூட்டி வைத்தால் அதுவே ருசியாகிவிடும். சாப்பிட்ட பின் தெற்கே மரக்காணம் வரை போய் உப்பளங்களைப் பார்த்தோம். பாத்தி பாத்தியாக வானம். பலகை வைத்து உப்பை ஒதுக்கும் ஆட்கள். சித்தப்பா வரப்பில் நின்று ஒரு கல் உப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுதான் அந்தக் கல்லத் திங்குது" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

நேரே வீட்டுக்குப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன். "இன்னொரு தடவ பாத்துட்டுப் போலாம்டா" என்றார். முழங்கால் வலி முகத்தில் தெரிந்தது. ஆனாலும் போனோம்.

மாலை வெயில் மேற்கிலிருந்து சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. காலையில் பார்த்த அதே சுவரில் இப்போது ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு நிழல் புகுந்திருந்தது. சுண்ணாம்பு விளிம்புகள் மட்டும் வெளிச்சத்தில். சுவர் முழுக்க ஒரு வலை விரித்தது போலிருந்தது. படம் எடுக்க வந்த இளைஞர்கள் சிலர் கொத்தளத்தின் மேல் ஏறி நின்றார்கள். கீழே இறங்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் இறங்கினார்கள். சுவரின் ஒரு பக்கத்தில் பெயர்களைக் கீறியிருந்தார்கள். இந்தச் சுவருக்கு உப்பைவிட ஆணி பெரிய எதிரியாகிவிடக் கூடாதே என்று இருந்தது.

கழியிலிருந்து வயதான அம்மா ஒருவர் ஏறி வந்தார். முழங்கால்வரை சேறு. இடுப்புக் கூடையில் மட்டி. சேற்றில் கையால் துழாவி எடுத்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா எழுந்து போனார்.

"ஏம்மா, கிளிஞ்சல் சூளை இந்தப் பக்கம் எங்கயாவது இருக்குதா?"

"இப்ப ஏதுங்க. எங்க மாமியா காலத்துல இருந்துச்சும்பாங்க. இப்ப ஓடெல்லாம் கோழித் தீவனத்துக்கு மூட்டை கட்டி வாங்கிட்டுப் போறாங்க."

"மூட்டை என்ன வெல போவுது?"

அம்மா சொன்னார். சித்தப்பா ஒரு கணம் நின்று மனத்துக்குள் ஏதோ கூட்டினார். பிறகு சுவருக்குத் திரும்பிப் போய், ஒரு முனையில் உள்ளங்கையை வைத்து, கையை நீட்டி முழம் போட ஆரம்பித்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பத்தடிக்கு எத்தன மூட்டை ஆவும் தெரியுமாடா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தன சித்தப்பா?"

"இரு, இரு. கனத்தையும் பாக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதல் முனைக்கு நடந்தார்.